நம் அறைக்கு வந்த இருபத்தோரு அங்குல டிவி

உ

தியாகராய நகர்,
சென்னை-17.
7-7-1999

என் அன்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

சுந்தரவல்லி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு மாமா, அத்தை, நான் மூவரும் நலம். மஸ்கட்டில் தங்கள் நலத்தையும், தங்கள் அறையில் கூடத் தங்கியிருக்கும் நண்பர்களின் நலத்தையும் அறிய ஆவல். நண்பர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் இந்தக் கடிதத்தை அவர்கள் படிக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும் என்று போன தடவை நான் எழுதிய கத்தரிக்காய் எண்ணெய்க் கறிச் செய்முறைக்கு, "அண்ணிகிட்ட புளி கொஞ்சம் தூக்கல்னு சொல்லிருங்க" என்று அங்கிருந்து யாரோ தகவல் அனுப்பியதை நான் ரசிக்கவில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி வழக்கம்போல், வேலை இருக்கும் நேரத்தில் மட்டும். கடையில் வியாபாரம் சுமார்தான். ஆடி வந்தால் ரவிக்கைத் துணிக்குக் கொஞ்சம் கூட்டம் வரும் என்று மாமா சொல்கிறார்கள். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. மரியாதைக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் இத்துடன் முடிந்தது. இனிமேல் டிவி.

டிவி வாங்கியாயிற்றா, படம் எப்படி, சத்தம் எப்படி, ஏன் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று மாறி மாறிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கூடாது என்றில்லை. எழுதுவதற்கு உட்கார ஓர் இடம் வேண்டும் இல்லையா? அந்த இடம் போனதுதான் கதையே.

முதலில் இது யாருடைய யோசனை என்பதைக் கறுப்பு மையில் எழுதி வைக்கிறேன். உங்களுடைய யோசனை. போன லீவில் நீங்கள் வந்திருந்தபோது நம் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற பிளைவுட் தடுப்பு நம்மை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். காற்றோட்டம் வேண்டும் என்று மேலே இரண்டடி திறந்து விட்டிருக்கிறார்களே, அதன் வழியாகக் காற்று வந்து நான் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் போகும், வரும். நீங்கள் என் காதோடு, எனக்கே சரியாகக் கேட்காதபடி, "தாகமா இருக்கு" என்றீர்கள். ஹாலிலிருந்து அத்தை, "செம்புல தண்ணி வச்சிருக்கேம்ல, பாரு" என்றார்கள். அதற்கப்புறம் அந்த ஒரு மாதமும் நாம் பேசியதெல்லாம் மின்கட்டணம் பற்றித்தான். ரயில் நிலையத்தில் சந்தித்துக்கொண்ட ரெண்டு பேர்கூட நம்மைவிடக் கூடுதலாகப் பேசியிருப்பார்கள். இருந்த கொஞ்ச நாளையும் திருச்செந்தூர், உங்கள் மாமா மகன் கல்யாணம், தங்கம் சித்தி வீட்டு விருந்து என்று பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். விமான நிலையத்தில் வழியனுப்பும்போதுதான் உங்கள் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதையே பார்த்தேன். அது எப்படி வந்தது என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டீர்கள்.

அங்கே போனதும் எழுதினீர்கள்: "அடுத்த தடவை நான் வருவதற்குள் நம் ரூமுக்கு ஒரு டிவி வாங்கிவிடு. படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, சத்தம் கணீரென்று இருக்க வேண்டும். அதை அலற விட்டுவிட்டு நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கலாம்." அதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். "என்னட்டி இளிக்க?" என்று அத்தை கேட்டார்கள். ரசம் நன்றாக வந்திருக்கிறது என்றேன். அன்றைக்கு ரசமே வைக்கவில்லை.

ஆனால் மாமாவுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில், "சுந்தரிக்குப் பொழுது போகவில்லை, பாவம், உள் ரூமில் ஒரு டிவி இருந்தால் நல்லது" என்று எழுதினீர்கள். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து மாமாவுக்குப் பொழுது போகாமல் ஆகிவிட்டது. தினமும் கடையை மூடிவிட்டு உஸ்மான் ரோட்டில் இருக்கிற டிவிக் கடை ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். வந்து, "இப்போ தட்டைத் திரைன்னு ஒண்ணு வந்திருக்கும்மா. கண்ணாடி நம்ம வீட்டு டிவி மாதிரி புடைச்சுக்கிட்டு இருக்காது. பலகை மாதிரி இருக்கு" என்பார்கள். எனக்குத் திரை தட்டையோ உருண்டையோ கவலை இல்லை. ஆனால் அதை நான் மாமாவிடம் எப்படிச் சொல்ல முடியும்?

சித்திரையில் ஒரு நல்ல நாள் பார்த்து நானும் மாமாவும் கிளம்பினோம். கடைக்குள் ஒரு சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே பச்சைக்கிளி ஒரே கொய்யாப்பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. டை கட்டிய ஒரு பையன் வந்து, பெரிய ரூமுக்கு இருபத்தொன்பது அங்குலம், சமையல்கட்டுக்குப் பதினாலு அங்குலம், பெட்ரூமுக்கு என்றால் இருபத்தொன்றுதான் கண்ணுக்கு நல்லது என்றான். மாமா சட்டைப் பையிலிருந்து கடை டேப்பை எடுத்து, திரையைக் குறுக்கே அளந்து பார்த்தார்கள். அப்புறம் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து, பட்டுத்துணியில் சுருக்கம் பார்ப்பதுபோல் மெதுவாகத் தடவினார்கள். "உள்ளபடிக்கே தட்டைதான்" என்றார்கள். பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சார், இதுல லைட்டு பிரதிபலிக்காது. பழைய டிவியில சைடுல உக்காந்தா மூஞ்சி கோணலா தெரியும் பாருங்க, இதுல அது கிடையாது. ரூம்ல எந்த மூலையில வேணா உக்காருங்க, வாசப்படியில வேணா நில்லுங்க, படம் நேரா இருக்கும்" என்றான். அந்த வாக்கியத்தை அப்போது நான் கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். என் வாழ்க்கையை முழுதாக எனக்கு முன்கூட்டியே சொன்னவன் அந்தப் பையன்தான். ஆனால் என் புத்தி வேறெங்கோ இருந்தது. "சத்தம் எப்படி?" என்று கேட்டேன்.

"சவுண்டு நார்மலா இருக்கும் மேடம்."

"நார்மல் வேண்டாம். கூட வேணும்."

"பெட்ரூமுக்கு எதுக்கு மேடம் அவ்வளவு சவுண்டு?"

மாமா பக்கத்தில் நிற்கிறார்கள். பையன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில்தான் அந்தப் பதில் வந்திருக்க வேண்டும். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன்.

மாமா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து மருமகளிடம் தணிந்த குரலில் பேசியதெல்லாம் வீணாகிவிட்டதே என்கிற வருத்தம் அதில் இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து மாமா என்னிடம் பேசுவது தேனாம்பேட்டை சிக்னல் வரைக்கும் கேட்கும். "சுந்தரீ! காபீ!" என்பார்கள். தெருவில் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆக, பக்கவாட்டில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்த தட்டைத் திரை டிவியைத் தேர்ந்தெடுத்தோம். நான் பில் போடும் இடத்தில் நிற்கும்போது மாமா அந்தப் பையனோடு தனியாகப் பேசிவிட்டு, முகம் மலர வந்தார்கள். பழைய டிவியைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடியாம். "ஹால்ல கெடக்கிற அந்த டப்பாவையும் தள்ளி விட்டுட்டேம்மா!" என்று கத்தினார்கள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொல்வதுபோல் பார்த்தார்கள். இனி வீட்டில் ஒரே டிவிதான், அது நம் அறையில்தான் இருக்கும் என்பது எனக்குப் பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது.

மறுநாள் டெலிவரிக்கு வந்தவர்கள் பெட்டியை மாடிப்படியில் ஏற்ற முடியாமல் திணறினார்கள். பிரித்தபோது அத்தைக்குப் பெரிய ஏமாற்றம். தட்டை டிவி என்று மாமா சொல்லச் சொல்ல, காலண்டர் மாதிரி சுவரில் மாட்டுவது என்று நினைத்திருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "யக்கா, முன்னாலதான் தட்டையா கீது. பின்னால பாரு, மூணு மாசம் ஆன பசுங்கன்னு மாறி கீது. இத்த எங்க வெக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தால் பின்புறம் முட்டியது. ஜன்னலோரம் வைத்தால் ஜன்னல் மூடவில்லை. கடைசியில் கட்டிலின் கால்மாட்டில் மட்டும்தான் இடம் இருந்தது. அதற்குக் கட்டிலைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினால் தலைமாடு வடக்கே வந்தது. "வடக்க தலை வச்சு என் மருமக படுக்கவா? வேண்டவே வேண்டாம்" என்று அத்தை சொல்லிவிட்டார்கள். சரி, டிவியை மேல் மாடிக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. செவிடு என்று பெயர் எடுத்தவள் பேசுவதும் யாருக்கும் கேட்காது போலிருக்கிறது. இரண்டே நாளில் ஆளைக் கூப்பிட்டு, நம் கல்யாணத்துக்கு என் அப்பா சீராகக் கொடுத்த இரட்டைக் கட்டிலைக் கழற்றி, மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் சாத்தி வைத்துவிட்டார்கள். "புள்ள ஒத்தையாத்தானே கெடக்கா, அவளுக்குப் பாய் போதாதா? அவன் வாரப்ப மாட்டிக்கிடலாம்" என்றார்கள் அத்தை. தப்பாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்கள்.

கட்டில் போனதும் அறை கல்யாண மண்டபம் மாதிரி விரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே அத்தை தலையணையோடு வந்தார்கள். சீரியல் தொடங்குவதற்கு முன்னால் வந்து, செய்தி முடிந்து, படம் முடிந்து, அங்கேயே தூங்கிவிடுவார்கள். மேல் மாடி நீரஜா மாமிக்கும் கேபிள்காரனுக்கும் சண்டை என்பதால் அவர்கள் டிவியில் பனிதான் பெய்கிறது. "உங்காத்துல புது டிவியாமே, கொஞ்சம் பாத்துட்டுப் போறேன்" என்று வந்த மாமி, மறுநாளிலிருந்து காய்கறிக் கூடையும் அரிவாள்மணையுமாக வந்து, நம் அறையின் நடுவில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினார்கள். அவர்கள் வீட்டுக் கிச்சா மாமா உலகக் கோப்பை தொடங்கியதும் வந்தவர், கோப்பையை யாரோ வாங்கிக்கொண்டு போன பிறகும் வந்துகொண்டிருந்தார். "பாருங்கோ, சைடுல உக்காந்துண்டு பாக்கறேன், பேட்ஸ்மேன் நேரா நிக்கறான்!" என்று தட்டைத் திரைக்குத் தினமும் ஒரு நற்சாட்சி கொடுப்பார்.

இவர்கள் எல்லோரையும் நான் சமாளித்திருப்பேன். நம் மாமாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. மாமாவின் மரியாதை உங்களுக்குத் தெரியும். மருமகள் அறைக்குள் கால் வைக்க மாட்டார்கள். இன்றுவரை வைத்ததில்லை. அதனால் ஹாலில் இருந்த பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மிகச் சரியாக வாசற்படியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். திரைதான் தட்டையாயிற்றே, வாசற்படியிலிருந்தும் படம் நேராகத் தெரியுமே. மாமா உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கதவு மட்டும் சாத்த முடியாது. நான் உள்ளே போக வேண்டுமென்றால் மாமா எழுந்து நாற்காலியைத் தூக்கி, எனக்கு வழிவிட்டு, மறுபடி போட்டு உட்காருவார்கள். புடவை மாற்ற நான் குளியலறைக்குப் போக ஆரம்பித்தேன். பீரோவில் உங்கள் கடிதங்கள் இருக்கின்றன. எடுத்துப் படிக்கலாம் என்றால், நான் பீரோவைத் திறக்கும் சத்தத்துக்கே நாலு தலை திரும்பும். ஒருநாள் திருவான்மியூர் வரைக்கும் பஸ்ஸில் போய், கடற்கரையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வந்தேன். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மருந்தீஸ்வரரையும் பார்க்காமல் இல்லை, வாசலோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

காது விஷயமும் அத்தோடு நிற்கவில்லை. அத்தை தினமும் பூண்டு காய்ச்சிய எண்ணெயை என் காதில் விட்டார்கள். அப்புறம் தேனாம்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் ஒரு கம்பியைத் தட்டி என் காதருகே வைத்து, "கேக்குதா?" என்றார். கேக்குது என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்ல" என்றார். வெளியே வந்ததும் அத்தை, "இவன் சரியில்லட்டி, வேற டாக்டரைப் பாப்போம்" என்றார்கள். எனக்காக, எனக்கே எனக்காக, டிவியின் சத்தத்தை எல்லோரும் கூட்டிக் கூட்டி வைத்தார்கள். "சுந்தரிக்குக் கேக்காதே, இன்னும் கொஞ்சம் வைங்கோ" என்பார் மாமி, வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். தெருவில் அதற்கப்புறம் யாரும் தனியாகச் சீரியல் பார்க்கத் தேவைப்படவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். வழக்கமாக நீங்கள் பேசினால் என்ன நடக்கும்? போன் ஹாலில் இருக்கிறது. நான் எடுப்பேன். அத்தை பக்கத்தில் வந்து நிற்பார்கள், மாமா எதிரே. "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, இந்தாங்க அத்தை பேசுதாங்க." முடிந்தது. அன்றைக்கு எல்லோரும் நம் அறையில் ஒரு பழைய படத்தில் மூழ்கியிருந்தார்கள். ஹாலில் ஒருவரும் இல்லை. நாம் பேச டிவிச் சத்தம் வேண்டும் என்று சொன்னீர்களே, அது வந்தேவிட்டது. என்ன, நாம் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள், அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன், நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள்.

எவ்வளவு பேசினேன் அன்றைக்கு! புருவத்துத் தழும்பைப் பற்றிக் கேட்டேன். ஆறாம் வகுப்பில் பம்பரம் விட்டபோது பட்டது என்றீர்கள். அங்கே நீங்கள் சமைக்கிற நாளில் வெறும் பருப்பும் அப்பளமும்தானா என்று கேட்டேன். மழைக்காலத்தில் நாம் ரெண்டு பேரும் கொடைக்கானல் போக வேண்டும், வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். "என்ன சுந்தரி, இன்னைக்கு இவ்வளவு பேசுத?" என்று சிரித்தீர்கள். அப்புறம், "ஆடி லீவு தள்ளிப் போச்சு சுந்தரி. கூட வேலை பாக்கிற ரெண்டு பேர் போயிட்டானுவ. மேனேஜர் தீபாவளிக்குத்தான் விடுவேங்கான்" என்றீர்கள். பரவாயில்லை, தீபாவளிக்கு வந்தால் போதும், தீபாவளி என்ன தூரத்திலா இருக்கிறது என்று நான் சொன்னது உங்களுக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு, அந்தச் சின்ன ஸ்டூலிலேயே உட்கார்ந்து நான் அழுதது உங்களுக்குக் கேட்டிருக்காது. வாய்விட்டுத்தான் அழுதேன். அந்த ஸ்பீக்கர்கள் இருக்கிற தைரியத்தில் அழுதேன். உள்ளே படத்தில் கதாநாயகியும் அழுதுகொண்டிருந்தாள். யாருக்கு யார் அழுகை தெரியப்போகிறது என்று நினைத்தேன். வாசற்படியில் நாற்காலி, அதில் மாமாவின் முதுகு. அது அசையவில்லை.

மறுநாள் காலையில் மாமா கடைக்குப் போகவில்லை. நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் மாமா அத்தையிடம் பேசுவது கேட்டது. கல்யாணமான புதிதில் என்னோடு பேசிய அதே தணிந்த குரல். எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசினார்களா, கேட்கட்டும் என்று பேசினார்களா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"பேச்சி, டிவி ஹாலுக்கு வருது."

"என்னத்துக்கு? அவளுக்குத்தான் காது கேக்காதே, ஹால்ல வச்சா எப்படிக் கேக்கும்?"

"அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்கு. நமக்குத்தான் ஒண்ணும் கேக்கல."

"என்ன சொல்லுதிய?"

"நேத்து அவன் போன்ல லீவு இல்லைன்னு சொல்லிட்டான் போலிருக்கு. புள்ள அழுதா. அழுவதுக்குக்கூட அவளுக்கு ஒரு ரூம் இல்ல பாத்துக்கோ. ஹால்ல உக்காந்து அழுதா."

அத்தை கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் அலசிய துணியையே மறுபடி அலசிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே நம் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து டிவியை ஹாலுக்குத் தூக்கினார்கள். கட்டில் இறங்கி வந்தது. தகரக் கொட்டகையில் கிடந்ததில் ஒரு கால் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, கீழே அட்டை வைத்திருக்கிறேன். தச்சர் ஒருவரும் வந்தார். பிளைவுட் தடுப்பை விட்டம் வரைக்கும் ஏற்ற வேண்டும் என்று மாமா சொன்னார்கள். அவர் ஏணியில் நின்றுகொண்டு, "இன்னாத்துக்கு சார் மேல வரிக்கும் அடைக்கணும்? காத்து வராதே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். மாமா ஒரு கணம் திகைத்து நின்றார்கள். டிவிக் கடையில் நான் நின்றேனே, அதே மாதிரி. பிறகு, "ஏசி வைக்கப் போறோம்" என்றார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டேன். அத்தை அதை அப்படியே நம்பி, பால்காரம்மா தேவானை முதல் தங்கம் சித்தி வரை எல்லோரிடமும் மகன் மஸ்கட்டிலிருந்து ஏசி கொண்டுவரப் போகிறான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஆகவே அத்தான், நம் அறை மறுபடி நம் அறை ஆகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். தடுப்பு மேலே வரை போய்விட்டது. ஹாலில் அத்தை இருமுவதுகூடக் கேட்கவில்லை. இனிமேல் நீங்கள் தாகம் என்றால் நான்தான் தண்ணீர் எடுத்துத் தர வேண்டும். டிவி இல்லாமலே நாம் எதை வேண்டுமானாலும் பேசலாம். நான் தைரியமாக, நிம்மதியாக இருக்கிறேன். நீங்கள் மேனேஜரிடம் வாக்குவாதம் எதுவும் செய்ய வேண்டாம். வேலை முக்கியம். நிதானமாகத் தீபாவளிக்கே வாருங்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

மாமா, அத்தையின் ஆசிகள் தங்களுக்கு. மேல் மாடி மாமா, மாமியின் விசாரிப்புகள். வெயிலில் அலையாதீர்கள், மோர் குடியுங்கள், ராத்திரி காலி வயிற்றோடு படுக்காதீர்கள். சுடலைமாடன் கூடவே நின்று காப்பான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சுந்தரவல்லி

பி.கு.: கடிதத்தை ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்து நாலைந்து நாள் ஆகிறது. பிரித்து எழுதுகிறேன். மேலே கடைசியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு சாயங்காலம் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கட்டில் இவ்வளவு பெரியது என்று எனக்கு முன்னால் தெரியாது. மூன்றாம் நாள் நானே அத்தையிடம் போய், டிவி மறுபடி உள்ளேயே இருக்கட்டுமா என்று கேட்டேன். அத்தை கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். "நானே சொல்லணும்னு இருந்தேம்ட்டி. அந்த ரூம்ல உக்காந்தா அவன் இங்கன பக்கத்துலதான் எங்கயோ போயிருக்கான்னு இருக்கும். ஹால்ல உக்காந்தா மஸ்கட்லதான் கெடக்கான்னு தெரியுது" என்றார்கள். எனக்கு அத்தையின் முழங்காலைப் பற்றி மேலே அப்படி எழுதியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். டிவி திரும்ப உள்ளே வந்துவிட்டது. தீபாவளி வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை, மேனேஜரிடம் நாளைக்கே போய்ச் சண்டை போடுங்கள். கட்டிலை மட்டும் இந்தத் தடவை நான் கழற்ற விடவில்லை, திருப்பிப் போட்டுவிட்டு, வடக்கே தலை வராமல் தலையணையைக் கால்மாட்டில் வைத்துக்கொள்கிறேன். அதன் மேலேயே உட்கார்ந்து பார்க்கிறோம். அந்த ஓரம் அத்தை, இந்த ஓரம் நான். நேற்று நீரஜா மாமி வெண்டைக்காய்க் கூடையோடு வந்து நடுவில் உட்காரப் போனார்கள். "அங்கன வேண்டாம் மாமி, இங்க கீழ உக்காருங்க" என்றார்கள் அத்தை.